ஏ மைனஸ், ஏஏ2, ஏ1: காப்புறுதி நிறுவனத்தின் ரேட்டிங்கை எப்படிப் படிப்பது?

சிப்புட்_செயலாளர்:

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் நலச் சங்கத்தின் கணக்குகளைப் பார்க்கிறேன். அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குள் காப்புறுதி விஷயத்தில் முடிவெடுக்க வேண்டும். கையில் நான்கு தாள்கள் இருக்கின்றன.

முதல் தாள் 84 உறுப்பினர்களுக்கான குழு விபத்துக் காப்புறுதி. ஒரு வருடம், தலைக்கு 50,000 வெள்ளி. அடியில் "ஏ.எம். பெஸ்ட்: ஏ மைனஸ்" என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவது, சங்க மண்டபத்துக்கான தீக் காப்புறுதி. அதில் "ரேம்: ஏஏ2". மூன்றாவது, உறுப்பினர்கள் விரும்பினால் சேரக்கூடிய 20 வருடச் சேமிப்புப் போலிசி, மாதம் 200 வெள்ளி. அந்த நிறுவனத்துக்கென்று தரம் எதுவும் இல்லை. "எங்கள் தாய் நிறுவனம் மூடிஸ் ஏ1" என்று மட்டும் இருக்கிறது. நான்காவது, அமெரிக்க டாலரில் கட்ட வேண்டிய வெளிநாட்டுப் போலிசி. அதைக் கொண்டுவந்தவர், "எஸ் அண்ட் பி ஏஏ மைனஸ், மேலிருந்து நான்காவது படி. நான்கிலும் இதுதான் உயர்ந்தது" என்கிறார். ஆனால் பெஸ்ட் ஏ மைனஸும் மேலிருந்து நான்காவது படி என்று முதல் தாளின் முகவர் சொல்கிறார்.

இந்த எழுத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாமா? கூட்டத்தில் உறுப்பினர்களுக்கு எதைச் சொல்வது? மாதச் சம்பளத்தில் பிடித்துக் கட்டப்போகிற பணம். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மறுகாப்புறுதி_கிள்ளான்:

வணக்கம் ஐயா. நான்கு தாளும் நான்கு வேறு அளவுகோல்களில் பேசுகின்றன. படியை எண்ணினால் தவறாகத்தான் முடியும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எஸ் அண்ட் பி, ஃபிட்ச், மூடிஸ் மூன்றும் உலக அளவில் தரம் போடும் நிறுவனங்கள். எஸ் அண்ட் பி, ஃபிட்ச் இரண்டின் வரிசையும் ஒன்றுதான்: ஏஏஏ, ஏஏ+, ஏஏ, ஏஏ-, ஏ+, ஏ, ஏ-, பிறகு பிபிபி+ என்று இறங்கும். பிபிபி- வரை பாதுகாப்பான பகுதி. அதற்குக் கீழே போனால், சூழ்நிலை கெட்டால் பணம் கொடுக்கத் தடுமாறக்கூடிய நிறுவனம் என்று பொருள். மூடிஸ் பிளஸ் மைனஸுக்குப் பதில் 1, 2, 3 போடும். ஏஏஏ, ஏஏ1, ஏஏ2, ஏஏ3, ஏ1 என்று போகிற வரிசையில் உங்கள் மூன்றாவது தாளின் ஏ1 ஐந்தாவது படி. எஸ் அண்ட் பி அளவில் அது ஏ+.

ஏ.எம். பெஸ்ட் 1899-இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். காப்புறுதித் துறையை மட்டுமே முதன்மையாகப் பார்ப்பது. அதன் நிதி வலிமைத் தரம் ஏ++, ஏ+, ஏ, ஏ-, பி++, பி+ என்று போகும். இங்கேதான் முகவர்கள் சறுக்குகிறார்கள். பெஸ்ட்டின் படிகள் அகலமானவை. மற்றவர்களின் இரண்டு படிகள் இதில் ஒரே படிக்குள் அடங்கிவிடும். பெஸ்ட் ஒரு நிறுவனத்துக்கு இன்னொரு தரமும் தரும், நீண்ட காலக் கடன் தரம் என்று, சின்ன எழுத்தில். இரண்டுக்கும் உள்ள பொருத்தத்தைப் பெஸ்ட்டே வெளியிட்டிருக்கிறது. ஏ++ என்றால் கடன் தரம் ஏஏஏ அல்லது ஏஏ+. ஏ+ என்றால் ஏஏ அல்லது ஏஏ-. ஏ என்றால் ஏ+ அல்லது ஏ. ஏ- என்றால் ஏ- ஒன்றுதான். ஆக, பெஸ்ட் ஏ மைனஸ் அதன் சொந்த ஏணியில் நான்காவது படியாக இருந்தாலும், கடன் தர ஏணியில் ஏழாவது படியில் நிற்கிறது. எஸ் அண்ட் பி ஏஏ மைனஸுக்கு அது சமம் ஆகாது. அதற்காக அது மோசமான தரம் என்றும் நினைக்க வேண்டாம். பெஸ்ட் அதற்கு வைத்திருக்கும் சொல்லே "மிகச் சிறப்பு" என்ற பொருளில்தான் இருக்கிறது. பி+ வரை அவர்கள் கணக்கில் பாதுகாப்பான பகுதி.

ரேம் வேறு வகை. ரேமும் மார்க்கும் நம் நாட்டுத் தர நிறுவனங்கள்; ரேம் 1990-இலிருந்து, மார்க் 1995-இலிருந்து. அவர்கள் தருவது உள்நாட்டு அளவுகோல். மலேசியாவுக்குள் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு வலுவானது என்பதுதான் அந்த எழுத்து. மலேசிய அரசாங்கத்தின் வெளிநாட்டு நாணயத் தரமே எஸ் அண்ட் பி-யில் ஏ-, மூடிஸில் ஏ3. ஃபிட்ச் 2020 டிசம்பரில் பிபிபி+ ஆக இறக்கிவிட்டது. ஒரு உள்ளூர் நிறுவனத்தின் முதலீடு பெரும்பாலும் அரசாங்கப் பத்திரத்திலும் உள்நாட்டுக் கடன் பத்திரத்திலும் இருக்கும். அது உலக அளவுகோலில் நாட்டின் தரத்தைத் தாண்டுவது அரிது. ஆகவே ரேம் ஏஏ2-ஐ எஸ் அண்ட் பி ஏஏ-க்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. உள்நாட்டில் மூன்றாவது படி, நல்ல தரம், அவ்வளவுதான்.

இரண்டாவது தாளில் இன்னொன்றையும் பாருங்கள். அந்த ஏஏ2 நிறுவனத்தின் நிதி வலிமைக்கா, அது வெளியிட்ட கடன் பத்திரத்துக்கா? காப்புறுதி நிறுவனங்கள் மூலதனத்துக்காக வெளியிடும் பத்திரங்கள் வரிசையில் போலிசிதாரர்களுக்குப் பின்னால் நிற்பவை. அதனால் பத்திரத்தின் தரம் பொதுவாக நிறுவனத்தின் தரத்தைவிட ஒரு படி குறைவாக இருக்கும். நம் நாட்டில் செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் பத்திரத்தின் தரம்தான். ரேமின் அறிவிப்பைத் திறந்து, எந்தப் பெயருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். தாளில் அச்சிட்ட தரம் இரண்டு மூன்று வருடம் பழையதாக இருப்பதும் உண்டு. தர நிறுவனங்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி பார்க்கும். தரம் மாறியிருக்கலாம், நிறுவனமே கேட்டு விலக்கிக்கொண்டும் இருக்கலாம்.

மூன்றாவது தாளின் "தாய் நிறுவனம் ஏ1" பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போலிசி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது பெர்ஹாட் என்று முடிகிற உள்ளூர் நிறுவனம். பணம் கொடுக்கக் கடமைப்பட்டதும் அது மட்டும்தான். தாய் நிறுவனம் எழுத்தில் உத்தரவாதம் கொடுத்திருந்தால் தவிர, அதன் தரம் உங்களுக்கு வரவு ஆகாது. தர நிறுவனங்களே இதை நுணுக்கமாகத்தான் பார்க்கின்றன. எஸ் அண்ட் பி ஒவ்வொரு துணை நிறுவனத்தையும் குழுவுக்கு எவ்வளவு முக்கியம் என்று ஐந்து வகையாகப் பிரிக்கும். மையமானது என்று முடிவானால் குழுவின் தரம் கிடைக்கும். முக்கியமில்லாதது என்றால் தன் சொந்தக் காலில்தான் நிற்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2008 செப்டம்பர் 15-இல் எஸ் அண்ட் பி, அமெரிக்கக் காப்புறுதிக் குழுமமான ஏஐஜியின் தரத்தை ஏஏ மைனஸிலிருந்து ஒரே நாளில் மூன்று படி இறக்கி ஏ மைனஸ் ஆக்கியது. மறுநாள் அமெரிக்க மத்திய வங்கி 85 பில்லியன் டாலர் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. அந்த வாரம் சிங்கப்பூரில், அதன் துணை நிறுவனமான ஏஐஏ அலுவலகத்தின் முன்னால் போலிசியை ஒப்படைக்க வரிசை நின்றது. ஓட்டை விழுந்தது குழுமத்தின் நிதி வணிகப் பிரிவில். வட்டார ஆயுள் காப்புறுதி நிறுவனம் தன் கடமைகளைத் தீர்க்கும் நிலையில்தான் இருந்தது. பயத்தில் ஒப்படைத்தவர்கள் பல வருடம் கட்டியதைக் குறைந்த தொகைக்கு விட்டுக்கொடுத்தார்கள். தாய் வேறு, பிள்ளை வேறு என்பது இரண்டு பக்கமும் வெட்டும்.

பால்மரம்_72:

இவ்வளவு எதற்குங்க? நம் மத்திய வங்கி பேங்க் நெகாரா லைசென்ஸ் கொடுத்த கம்பெனி, பிஐடிஎம் (மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) பாதுகாப்பும் இருக்கிறது. கம்பெனி விழுந்தாலும் 500,000 வெள்ளி வரை கிடைக்கும். ரேட்டிங் பார்க்கத் தேவையே இல்லை.

ஈப்போ_கணக்கர்:

பால்மரம் அண்ணே, பாதி சரி. மீதிப் பாதிதான் கையைக் கடிக்கும்.

பிஐடிஎம்மின் காப்புறுதிப் பலன் பாதுகாப்பு 2010 டிசம்பர் 31-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தனியாக விண்ணப்பம் இல்லை, கட்டணமும் இல்லை. மரணம், நிரந்தர ஊனம், கடும் நோய் ஒவ்வொன்றுக்கும் 500,000 வரை. முதிர்வுத் தொகைக்கும், போலிசியை இடையில் விட்டால் கிடைக்கும் ஒப்படைப்புத் தொகைக்கும் 500,000. நிறுவனத்திலேயே சேர்த்து வைத்த ரொக்கப் பங்காதாயத்துக்கு 100,000 மட்டும். ஊனத்துக்கான மாத வருமானம் என்றால் மாதம் 10,000. மருத்துவச் செலவு முழுதாக. சொத்துக்கு ஒரு சொத்துக்கு 500,000. மண்டபம் சங்கத்தின் பெயரில் இருப்பதால், அது இந்த வரம்புக்குள் வருமா என்று பிஐடிஎம்மிடமே எழுதிக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள். ஒருவரே ஒரே நிறுவனத்தில் இரண்டு மூன்று போலிசி வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 500,000 என்று நினைக்காதீர்கள், சேர்த்துத்தான் எண்ணுவார்கள்.

இனி, வராதவை. முதலீட்டோடு இணைந்த போலிசியில், முதலீட்டு நிதியில் போடும் யூனிட் பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை. வெளிநாட்டில் வழங்கிய போலிசிக்கும் ரிங்கிட் அல்லாத நாணயப் போலிசிக்கும் இல்லை. லாபுவான் உரிமம் மட்டும் உள்ள நிறுவனம் பிஐடிஎம் உறுப்பினர் அல்ல. ஆக, செயலாளர் ஐயாவின் நான்காவது தாளில், ஏஏ மைனஸ் என்ற அழகான எழுத்து இருந்தாலும், கீழே வலை கிடையாது. எழுத்து உயர்ந்தது, ஆனால் நம் ஆளுக்கு ஆபத்து அதிகம். அதை விற்கிறவருக்கு இங்கே விற்க உரிமம் உண்டா என்பதையும் பாருங்கள். பேங்க் நெகாரா இணையதளத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் எச்சரிக்கைப் பட்டியலும் இரண்டும் இருக்கின்றன. எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பது அனுமதி ஆகாது. உரிமப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

மூன்றாவது தாளுக்கு வருகிறேன். மாதம் 200 என்றால் வருடத்துக்கு 2,400, 20 வருடத்தில் 48,000. அது 500,000-க்குள் அடங்கிவிடும், உண்மை. ஆனால் பலன் விளக்க அட்டவணையைத் திறந்தால் உத்தரவாதப் பகுதி ஒரு பத்தி, உத்தரவாதமில்லாத போனஸ் இன்னொரு பத்தி. ஏஜெண்ட் விரல் வைத்துக் காட்டுவது இரண்டின் கூட்டுத்தொகையை. இன்னும் அறிவிக்காத போனஸை எந்தப் பாதுகாப்பு அமைப்பும் கொடுக்காது. நிறுவனத்தின் வலிமை உறுப்பினரின் பையைத் தொடுவது அந்த இரண்டாவது பத்தியில்தான். நிறுவனம் விழவே வேண்டாம், மெலிந்தாலே போதும், போனஸ் சுருங்கும்.

பிரிட்டனின் ஈக்விடபிள் லைஃப் என்ற ஆயுள் காப்புறுதி நிறுவனம் 1762-இல் தொடங்கியது. பழைய போலிசிகளில் உயர்ந்த ஓய்வூதிய விகிதத்துக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. வட்டி இறங்கியபோது அந்த வாக்கு பாரமாயிற்று. போனஸைக் குறைத்துச் சமாளிக்கப் பார்த்தது. 2000 ஜூலையில், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அது கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே டிசம்பரில் புது வியாபாரத்தையே நிறுத்தியது. 238 வருட வரலாறு இருந்தும், போனஸை நம்பியிருந்தவர்களுக்குக் கை குறைந்தது. 20 வருட வாக்கு வாங்கும்போது பழம்பெருமையைவிட மூலதனத்தைப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

சிப்புட்_செயலாளர்:

மிக்க நன்றி ஐயா. மூன்றாவது நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்கிப் பார்த்தேன். மூலதனப் போதுமை விகிதம் போன வருடம் 300 விழுக்காடு, இந்த வருடம் 250. இருக்கும் மூலதனம் 600 மில்லியனிலிருந்து 520 மில்லியனுக்கு இறங்கியிருக்கிறது. இது கவலைப்படவேண்டிய இறக்கமா? தரம் இல்லாத நிறுவனத்தை எண்ணை வைத்தே எடைபோட முடியுமா?

ஈப்போ_கணக்கர்:

முடியும். தரமே இந்த எண்களிலிருந்துதான் தொடங்குகிறது.

விகிதம் என்பது இருக்கும் மூலதனத்தை, ஆபத்துக்கு ஏற்ப வைத்திருக்க வேண்டிய மூலதனத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குவது. 600-க்கு 300 விழுக்காடு என்றால் வேண்டியது 200 மில்லியன். 520-க்கு 250 என்றால் வேண்டியது 208. ஆக, ஆபத்து கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, 8 மில்லியன். இறக்கத்தில் பெரும்பங்கு மூலதனம் 80 மில்லியன் குறைந்ததால் வந்தது. அந்த 80 எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

ரொக்க ஓட்ட அறிக்கையில் "கொடுத்த பங்காதாயம்" என்ற வரியைப் பாருங்கள். அங்கே 90, 100 மில்லியன் தாய் நிறுவனத்துக்குப் போயிருந்தால், லாபம் ஈட்டி மேலே அனுப்பியிருக்கிறார்கள். மெலிவு நிறுவனத்தின் தொழிலில் இல்லை. பங்காதாயமே இல்லாமல் 80 குறைந்திருந்தால், நட்டமா அல்லது கடன் பத்திரங்களின் சந்தை விலை இறங்கியதா என்று லாப நட்டக் கணக்கிலும் மற்ற வருமானத்திலும் தேட வேண்டும். வட்டி ஏறிய வருடத்தில் பத்திர விலை இறங்கும். முதிர்வு வரை வைத்திருந்தால் அது திரும்பிவிடும். தொழில் நட்டம் அப்படித் திரும்பாது. இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து தொழில் நட்டம் என்றால் அங்கே உறுப்பினர்களின் 20 வருடத்தைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

பேங்க் நெகாரா 2009-இலிருந்து நடத்தும் ஆபத்து அடிப்படை மூலதனக் கட்டமைப்பில் கண்காணிப்புக் கோடு 130 விழுக்காடு. அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் உள் இலக்கு வைத்துக்கொள்ள வேண்டும். விகிதம் அதற்குக் கீழே போனால் பங்காதாயம் கொடுக்க முடியாது. 250 என்பது 130-இலிருந்து நல்ல தூரம். ஒரு வருட எண்ணை வைத்து முடிவு கட்டாமல் ஐந்து வருடத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள். 310, 300, 290, 270, 250 என்று படிப்படியாக இறங்கினால் காரணம் கேளுங்கள். 240, 280, 300, 250 என்று ஏறி இறங்கினால் இயல்பு.

ஒரு இடையூறு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் காப்புறுதி நிறுவனங்கள் புதிய கணக்கியல் தரம் எம்எஃப்ஆர்எஸ் 17-க்கு மாறிவிட்டன. 2022 வரை "ஈட்டிய பிரீமியம்" என்று இருந்த வரி இப்போது "காப்புறுதி வருவாய்" ஆகியிருக்கும், லாபம் பதியும் முறையும் மாறியிருக்கும். அந்த எல்லையைத் தாண்டி லாபத்தை நேருக்கு நேர் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். 2023 அறிக்கையில் 2022-க்கான எண்ணைப் புதிய முறையில் திருத்திக் காட்டியிருப்பார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூலதன விகிதம் பேங்க் நெகாராவின் தனி விதிப்படி கணக்கிடுவது, அதை இந்த மாற்றம் அந்த அளவுக்குக் குழப்பாது. எல்லா நிறுவனமும் விகிதத்தை அச்சிடுவதில்லை. சில நிறுவனங்கள் குறிப்புகளின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் மூலதனத்தை மட்டும் காட்டும். அப்போது விகிதத்தைக் கடிதம் எழுதிக் கேட்கலாம்.

முதல் இரண்டு தாள்கள் பொதுக் காப்புறுதி. அங்கே வேறொரு கணக்கும் வேண்டும்: இழப்பீடு, கமிஷன், நிர்வாகச் செலவு மூன்றையும் பிரீமியத்தோடு ஒப்பிட்ட கூட்டு விகிதம். இழப்பீடு 62, கமிஷன் 12, நிர்வாகம் 29 என்றால் 103. நூறு வெள்ளி வாங்கி 103 செலவழிக்கிறார்கள், முதலீட்டு வருமானத்தில் சமாளிக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு வெள்ள வருடத்தில் அப்படி இருக்கலாம், ஐந்து வருடமும் இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் எச்ஐஎச் காப்புறுதி நிறுவனம் 2001 மார்ச்சில் விழுந்தபோது பற்றாக்குறை 5.3 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை என்று மதிப்பிட்டார்கள். பிரீமியத்தை மலிவாக விற்றதும், வரப்போகிற இழப்பீட்டுக்குப் போதுமான ஒதுக்கீடு வைக்காததும் முக்கியக் காரணங்கள். ஆகவே ஒரு நிறுவனத்தின் விலை மற்ற எல்லாரையும்விட 30 விழுக்காடு மலிவாக இருந்தால் கூட்டத்தில் கைதட்ட வேண்டாம், கூட்டு விகிதத்தைப் பாருங்கள்.

தைப்பிங்_இழப்பீடு:

எண்களை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ரேட்டிங் என்பது பணம் கொடுக்கும் சக்தி. உங்கள் கோரிக்கையை ஏற்பார்களா, எத்தனை நாளில் கொடுப்பார்கள் என்பது அதில் இல்லை. ஏ++ நிறுவனமும் போலிசி வாசகத்தைக் காட்டி மறுக்கலாம். தோட்டப்புறத்தில் கோரிக்கை விழுவது பெரும்பாலும் நிறுவனம் நொடித்ததால் அல்ல, தாளை நிரப்பிய விதத்தால்.

குழு விபத்துப் போலிசியில் தொழில் வகுப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அலுவலக வேலை முதல் வகுப்பு, மேற்பார்வையும் வெளிவேலையும் இரண்டாவது, உடலுழைப்பும் இயந்திரமும் மூன்றாவது. செம்பனைக் குலை வெட்டுகிறவர், மருந்தடிக்கிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர் எல்லாம் மூன்றாவது. பிரீமியம் குறையும் என்று 84 பேரையும் கிராணி மாதிரி முதல் வகுப்பில் போட்டால், விபத்து நடந்த அன்று அதுதான் வாதமாகும். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது நடக்கும் விபத்து சேர்ந்திருக்கிறதா என்று வாசகத்தில் தேடிப் பாருங்கள். சில போலிசிகளில் தனியாகச் சேர்க்க வேண்டும். லயத்திலிருந்து வேலைக்காட்டுக்கு எல்லாரும் மோட்டாரில்தானே போகிறார்கள்.

மண்டபத்துக்கு வருவோம். தீக் காப்புறுதியில் விகிதாசார விதி உண்டு. மறுபடி கட்ட 500,000 ஆகும் கட்டடத்தை 300,000-க்குக் காப்புறுதி செய்து, 100,000 அளவுக்குத் தீயில் சேதம் என்றால், கிடைப்பது 60,000. நாற்பதாயிரம் சங்கத்தின் தலையில். ரேட்டிங் எவ்வளவு உயர்ந்ததானாலும் இதை மாற்றாது. நிலத்தின் விலையைக் கழித்துவிட்டு, இன்றைய கட்டுமானச் செலவில் மதிப்புப் போடுங்கள். அடிப்படைத் தீப் போலிசியில் வெள்ளம் இல்லை; ஆற்றோரம் என்றால் அதைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்.

பிரீமியத்தை நிறுவனத்தின் பெயரில் கட்டுங்கள், முகவரின் சொந்தக் கணக்கில் வேண்டாம். கோரிக்கையை மறுத்தால் எழுத்தில் இறுதி முடிவைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து எஃப்எம்ஓஎஸ் என்ற பெயரில் இயங்குகிறது. காப்புறுதியில் 250,000 வெள்ளி வரையான தகராறுகளைப் பார்ப்பார்கள்.

பால்மரம்_72:

யூனிட் பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கணக்கர் ஐயாவுக்கு நன்றி. ஒரு சந்தேகம்: ஏற்கெனவே போலிசி வைத்திருக்கிறவர்கள், நிறுவனத்தின் தரம் இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டால் என்ன செய்வது? உடனே மாற்றிவிடலாமா?

மறுகாப்புறுதி_கிள்ளான்:

முதலில் எது இறங்கியது என்று பாருங்கள். தரத்தோடு "கண்ணோட்டம்" ஒன்று வரும்: சாதகம், நிலை, பாதகம். பாதகம் என்றால் அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் இறங்கும் வாய்ப்பு உண்டு என்ற முன்னறிவிப்பு, இறங்கியதாகப் பொருள் இல்லை. "மறுபரிசீலனையில்" என்று வந்தால் அது அவசரமானது; நிறுவனம் கைமாறும்போதும், பெரிய நட்டம் வரும்போதும் அப்படிப் போடுவார்கள். நாட்டின் தரம் இறங்கியதால் நிறுவனத்தின் தரம் இழுபட்டதா, நிறுவனத்தின் சொந்த மூலதனம் கரைந்ததா என்பது அறிவிப்பின் இரண்டாவது மூன்றாவது பத்தியில் இருக்கும். ஏ-யிலிருந்து ஏ மைனஸுக்கு ஒரு படி இறங்கியதற்கு யாரும் போலிசியை மாற்ற வேண்டியதில்லை. பெஸ்ட் அளவில் பி+ஐத் தாண்டிக் கீழே போனால்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஒரு வருடப் போலிசி என்றால் கவலை சின்னது. புதுப்பிக்கும் நாளில் வேறு நிறுவனம் போகலாம். ஆயுள், மருத்துவப் போலிசி அப்படி இல்லை. மெடிக்கல் கார்டை மாற்றினால் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும்: பொதுவாக எல்லா நோய்க்கும் 30 நாள், குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள். இடையில் வந்த சர்க்கரையும் இரத்த அழுத்தமும் "முன்பே இருந்த நோய்" ஆகிவிடும். ஆயுள் போலிசியில் முதல் இரண்டு வருடத்துக்குள் மறைத்த தகவலைக் காட்டி ஒப்பந்தத்தையே கேள்வி கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு மறுபடி பிறக்கும். ஐம்பது வயதில் புதுப் போலிசியின் பிரீமியம் நாற்பதில் இருந்த மாதிரி இருக்காது. ஆகவே புதியது எழுத்தில் ஏற்கப்பட்டு, காத்திருப்பும் முடியும் வரை பழையதை விடக் கூடாது. "தரம் இறங்கிவிட்டது, எங்களிடம் வந்துவிடுங்கள்" என்று தொலைபேசியில் அழைக்கிறவருக்குப் புதுப் போலிசியில் கமிஷன் உண்டு, அதையும் நினைவில் வையுங்கள்.

செயலாளர் ஐயாவின் தாள்களுக்கு என் கருத்து: முதல் இரண்டும் ஒரு வருட ஒப்பந்தம், உரிமம் பெற்ற நிறுவனங்கள், தரம் போதுமானது. அங்கே உங்கள் நேரத்தைத் தைப்பிங் நண்பர் சொன்ன வாசகங்களில் செலவிடுங்கள். மூன்றாவதில்தான் வலிமையைத் தோண்ட வேண்டும். நான்காவதைக் கூட்டத்தில் வைக்கவே வேண்டாம்.

சிப்புட்_செயலாளர்:

எல்லாருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்: ரொக்க ஓட்ட அறிக்கையில் தாய் நிறுவனத்துக்கு 95 மில்லியன் பங்காதாயம் போயிருக்கிறது. நட்டம் இல்லை. மூன்றாவது நிறுவனத்துக்கு இன்று இரண்டு கேள்வியோடு கடிதம் போகிறது. உங்கள் உள் மூலதன இலக்கைவிட இன்றைய விகிதம் எவ்வளவு மேலே இருக்கிறது? தாய் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ உத்தரவாதம் உண்டா?

ஈப்போ_கணக்கர்:

உள் இலக்கை வெளியில் சொல்ல மாட்டார்கள், அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்: கடந்த ஐந்து வருடம் இந்தப் பங்கேற்புப் போலிசிகளுக்கு, அதாவது போனஸ் தரும் போலிசிகளுக்கு, அறிவித்த போனஸ் விகிதம், வருடவாரியாக. அதற்குப் பதில் வந்தால் உத்தரவாதமில்லாத பத்தியில் எவ்வளவை நம்பலாம் என்று உறுப்பினர்களுக்கு எண்ணாகவே காட்டலாம். பதில் வராவிட்டால், உத்தரவாதப் பத்தியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கூட்டத்தில் கொடுங்கள். கையெழுத்துப் போட்டபிறகும், போலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.